சமையலறை இல்லாத இடத்தில் பலருக்குச் சூடான உணவு

உணவு சமைக்கச் சமையலறை வேண்டும் என்பது யாவரும் ஒப்புக்கொண்ட செய்தி. ஆயினும், சமையலறை இல்லாத ஓர் இடத்தில், நூற்றுக்கணக்கான மக்களுக்கு, குறித்த ஒரு வேளையில் சூடான உணவு அளித்தே தீரவேண்டிய சந்தர்ப்பங்கள் நம் நாட்டில் அடிக்கடி நேர்கின்றன. வெள்ளமும் புயலும் நிலநடுக்கமும் மக்களை வீடுகளிலிருந்து வெளியேற்றும் காலங்களே இவற்றுள் முதன்மையானவை. அப்பொழுது கையில் கிடைப்பவை சில அண்டாக்களும், ஈரவிறகும், பழக்கமற்ற சில தொண்டர்களுமே ஆகும். இவற்றைக் கொண்டு நல்ல உணவைச் சூட்டோடு அளிப்பது எவ்வாறு? வெப்பத்தின் இயல்பைப் பற்றி நாம் பள்ளியில் கற்ற சில எளிய உண்மைகள் இவ்வினாவிற்குப் பெரிதும் விடை தருகின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 1999 அக்டோபர் 29 ஆம் தேதி ஒடிசாக் கடற்கரையைத் தாக்கிய பெரும்புயல் ஏறத்தாழ 10,000 உயிர்களைக் கொள்ளை கொண்டது. அதன் பின்னர் அக்கரையோரம் நெடுகப் புயற் காப்பகங்கள் கட்டப்பட்டன. உயரமான தூண்களின்மேல் நிற்கும் இக்கட்டடங்களுள் பல, மற்ற நாட்களில் பள்ளிகளாகப் பயன்படுகின்றன. 2019 மே 3 ஆம் தேதி ஃபானி புயல் புரிக்கு அருகில் கரையைக் கடந்தபொழுது, அதற்கு முன்னரே ஏறத்தாழ 12 இலட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டிருந்தனர். இத்தகைய காப்பகம் ஒன்றில் 200 பேர் தங்கியிருப்பதாகக் கொள்வோம். மாலையில் காற்று வலுக்கத் தொடங்கும். இருட்டிய பின் வெளியில் அடுப்பு மூட்ட இயலாது. மூடிய கூடத்தினுள் நெருப்பு மூட்டுவதோ உயிருக்கு ஆபத்து. ஆயினும் இரவு எட்டு மணிக்குக் குழந்தைகளும் முதியோரும் சூடான உணவை எதிர்பார்த்திருப்பர். இதுவே நாம் தீர்க்க வேண்டிய கணக்கு.

சூடான உணவு எதற்காக?

புயற்காலங்களில் அவலும் வெல்லமும் வழங்குவது ஒடிசாவில் நெடுநாள் வழக்கம். எளிதில் கெடாத, சுமப்பதற்கு எளிய உணவு இது. முதல் சில மணி நேரத்திற்கு இதைவிடச் சிறந்தது இல்லை எனலாம். ஆனால் அவலை நனைக்க நீர் வேண்டும். வெள்ளத்தால் கிணறும் குழாயும் மாசுற்றிருக்கும்பொழுது, அந்நீரே வயிற்றுப்போக்கையும் காலராவையும் கொண்டு வரலாம். கொதிக்கவைத்துச் சமைத்த உணவிலோ, உணவும் அதனுள் சேர்ந்த நீரும் ஒருங்கே தூய்மை அடைகின்றன. மேலும் பல்லில்லாத முதியோர்க்கும், சிறு குழந்தைகட்கும், காய்ச்சலுற்றவர்க்கும் குழைந்த சூடான உணவே உட்கொள்ள எளிது. எனவே சூடு என்பது இங்கே சுவைக்காக மட்டும் நாடும் பொருள் அன்று. அது ஒரு பாதுகாப்பு.

நெருப்பு செய்ய வேண்டிய வேலை எவ்வளவு?

இத்தகைய இடத்திற்கு ஏற்ற உணவு, அரிசியும் பருப்பும் காய்கறியும் ஒரே பாத்திரத்தில் சேர்த்து வேகவைக்கும் கிச்சடி. நம் வெண்பொங்கலை ஒத்த இதனை இந்தியாவின் பல பகுதியினரும் விரும்பி உண்பர். 200 பேருக்கு அரிசி 24 கிலோ, பருப்பு 6 கிலோ, காய்கறி 10 கிலோ, எண்ணெயும் உப்பும் மஞ்சளும் சேர்த்து 2 கிலோ, நீர் 100 லிட்டர் எனக் கொள்வோம். மொத்தம் 142 கிலோ. ஒருவருக்கு ஏறத்தாழ 700 கிராம் கிடைக்கும்.

ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி சென்டிகிரேட் உயர்த்த ஒரு கிலோகலோரி வெப்பம் தேவை. 25 டிகிரியில் உள்ள 100 லிட்டர் நீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர 7,500 கிலோகலோரி வேண்டும். தானியங்களின் தன்வெப்பம் நீரினுடையதில் பாதிக்கும் குறைவு. 30 கிலோ அரிசி பருப்புக்கு ஏறத்தாழ 900 கிலோகலோரி போதும். காய்கறிக்கு 675, அலுமினிய அண்டாக்களுக்கு 250 எனச் சேர்த்தால், மொத்தம் ஏறத்தாழ 9,300 கிலோகலோரி ஆகின்றது.

உலர்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 3,800 கிலோகலோரி வெப்பம் தரும். ஆனால் வெட்டவெளியில் மூன்று கற்களின்மேல் பாத்திரத்தை வைத்து எரித்தால், இவ்வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேர்கின்றது. எஞ்சியது காற்றோடு போகின்றது. ஆகவே நமக்கு 25 கிலோ விறகு வேண்டியிருக்கும். கலியாண வீடுகளில் வெட்டும் கோட்டையடுப்பைப் போல, மண்ணாலோ செங்கல்லாலோ பக்கங்களை உயர்த்திக் காற்றை மறைத்து, பாத்திரத்திற்கும் சுவருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி மட்டும் விட்டால், ஐந்தில் ஒரு பங்கு வெப்பம் பாத்திரத்தைச் சேரும். 12 கிலோ விறகே போதும். சமையல் எரிவாயு கிடைக்குமாயின், பெரிய பர்னரில் பாதி வெப்பம் பயன்படுவதாகக் கொண்டாலும், 2 கிலோவுக்கும் குறைவான வாயுவே செலவாகும்.

ஈரவிறகைப் பற்றி ஒரு சொல். விறகிலுள்ள ஒவ்வொரு கிலோ நீரும், ஆவியாகி வெளியேறும் முன் 600 கிலோகலோரிக்கு மேல் விழுங்கிவிடுகின்றது. அன்றியும் ஈரவிறகு புகையுமேயன்றிச் சுடர்விட்டு எரியாது. எனவே புயல் எச்சரிக்கை வந்த அன்றே, அண்டாவை நினைப்பதற்கு முன், விறகைத் தார்ப்பாயால் மூடிவைத்தல் வேண்டும்.

கொதித்த பின் வேண்டியது என்ன?

இதுவரை கண்ட கணக்கு, உணவைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவதற்கு மட்டுமே உரியது. அதன் பின்னும் அரை மணியோ ஒரு மணியோ அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுவதே வழக்கம். இவ்விரண்டாம் பகுதியில்தான் எரிபொருள் பெரிதும் வீணாகின்றது.

நீர் கொதிக்கும்பொழுது எவ்வளவு நெருப்பு மூட்டினாலும் அதன் வெப்பநிலை 100 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. சேர்க்கப்படும் வெப்பம் முழுவதும் நீரை நீராவியாக்கவே செலவாகின்றது. இதனை உள்ளுறை வெப்பம் என்பர். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 540 கிலோகலோரி தேவை. 25 டிகிரியிலுள்ள 7 கிலோ நீரைக் கொதிக்கவைக்கவும் ஏறத்தாழ இதே அளவு வெப்பம் போதும். திறந்த அண்டாவில் ஒரு மணி நேரம் தளதளவெனக் கொதித்து 10 லிட்டர் நீர் ஆவியாயிற்று எனின், 5,400 கிலோகலோரி வானில் கலந்தது என்பது பொருள். அந்த மூன்று கல் அடுப்பில் இதற்கு மட்டும் 14 கிலோ விறகு செலவாகியிருக்கும். இதனால் அரிசி விரைவாக வெந்ததா எனில், இல்லை.

அரிசி வேகக் கொதி தேவையில்லை; வெப்பநிலையும் காலமுமே தேவை. அரிசியிலுள்ள மாவுப்பொருள் ஏறத்தாழ 65 முதல் 78 டிகிரிக்குள் நீரை உறிஞ்சிப் பருத்து இளகுகின்றது. பருப்பு மென்மையாக இதைவிடச் சற்று உயர்ந்த வெப்பநிலை வேண்டும். 90 டிகிரிக்கு அருகில் சில காலம் இருத்தல் நலம். எனவே ஒரு முறை நன்கு கொதித்த உணவு, அந்தச் சூட்டை இழக்காமல் இருக்குமாயின், நெருப்பின் உதவியின்றித் தானாகவே வெந்துவிடும். நெருப்பின் கடமை சூட்டை ஏற்றுவதே. காப்பது வேறொன்றின் கடமை.

வைக்கோற் பெட்டி

அந்த வேறொன்று யாதெனில், வைக்கோல். கொதிக்கும் பாத்திரத்தை வைக்கோல் நிரப்பிய பெட்டியில் புதைத்துவைத்துச் சமையலை முடிக்கும் முறை மேலை நாடுகளில் பழமையானது. இத்தத்துவத்தில் அமைந்த நார்வே நாட்டுச் சமையற் பெட்டி ஒன்று 1867 இல் பாரிஸ் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. முதல் உலகப் போரில் முன்னணியில் இருந்த வீரர்களுக்கு வைக்கோல் திணித்த பெட்டிகளிலே சூடான உணவு கொண்டுசெல்லப்பட்டது.

வைக்கோல் சூட்டை எவ்வாறு காக்கின்றது? உண்மையில் காப்பது வைக்கோல் அன்று. அதன் தாள்களுக்கு இடையிலும் அவற்றின் உட்குழலிலும் அசையாது சிறைப்பட்டிருக்கும் காற்றே. காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்துவது. தடையின்றி இருந்தால் அது சூடேறி மேலெழுந்து வெப்பச் சலனத்தால் சூட்டைக் கொண்டுபோய்விடும். வைக்கோல் அவ்வாறு எழாதபடி தடுத்து நிறுத்துகின்றது. உமி, தென்னை நார், கந்தல் துணி, போர்வை, கசக்கிய செய்தித்தாள் ஆகியவையும் இவ்வாறே பயன்படும்.

இதிலிருந்து ஒரு முக்கிய விதி பெறப்படுகின்றது. வைக்கோல் நனையக்கூடாது. நீர், காற்றைப்போல் 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். நனைந்த வைக்கோல் சூட்டைக் காப்பதற்கு மாறாக வெளியேற்றும். சிலர் தரையில் குழி தோண்டி வைக்கோல் இடுமாறு கூறுவர். வறண்ட நிலத்திற்கு அது நன்று. கடலோரத்தில், அதுவும் மழைக்காலத்தில், இரண்டடி தோண்டினால் நீர் ஊறும். ஆகவே காப்பகத்தில் தரைக்கு மேலேயே பெட்டி அமைத்தல் வேண்டும். பள்ளியின் நான்கு பெஞ்சுகளைப் பக்கவாட்டில் சாய்த்துச் சதுரமாக நிறுத்தினால் அதுவே பெட்டியாகும். பெரிய மூங்கிற் கூடையும் ஏற்றது.

அளவு பெருகினால் நன்மையும் பெருகும்

பலருக்குச் சமைப்பது கடினம் என்பது பொதுவான எண்ணம். சூட்டைக் காப்பதைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர்மாறானது. பக்கத்திற்கு 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரப் பாத்திரம் 1 லிட்டர் கொள்ளும். அதன் புறப்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். பக்கத்திற்கு 50 சென்டிமீட்டர் உள்ள பாத்திரம் 125 லிட்டர் கொள்ளும். அதன் புறப்பரப்பு 15,000 சதுர சென்டிமீட்டர். அதாவது லிட்டருக்கு 120 சதுர சென்டிமீட்டர் மட்டுமே. உணவு தன் சூட்டை இழப்பது புறப்பரப்பின் வழியே. சூட்டைச் சேமித்து வைப்பதோ கன அளவில். எனவே பெரிய பாத்திரம் சிறியதைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு மெதுவாகக் குளிரும்.

நம் 142 கிலோ கிச்சடியை இரண்டு அண்டாக்களில் பாதி பாதியாக வைத்து, சுற்றிலும் 10 சென்டிமீட்டர் கனத்திற்கு உலர்ந்த வைக்கோல் திணித்தால், கணக்கின்படி மணிக்கு ஒரு டிகிரிக்கும் குறைவாகவே சூடு இறங்கும். மூடி சரியாகப் பொருந்தாமை, வைக்கோலில் உள்ள இடைவெளி ஆகியவற்றுக்காக இதனை மும்மடங்காக்கி, மணிக்கு 2 டிகிரி எனக் கொள்வோம். 95 டிகிரியில் உள்ளே வைத்த உணவு ஐந்து மணி நேரம் கழித்தும் 85 டிகிரியில் இருக்கும். மாலை நான்கு மணிக்கு நெருப்பை அணைத்துவிட்டு, இரவு எட்டு மணிக்கு ஆவி பறக்கும் உணவைப் பரிமாறலாம். புயல் அதற்குள் எவ்வளவு வலுத்தாலும் கவலையில்லை.

ஒரே பெரிய அண்டா இன்னும் சிறந்ததன்றோ எனின், அதனை நிறைவாகத் தூக்கவும் கிளறவும் இயலாது, அடிப்பிடித்தலும் மிகுதி. இரண்டாக வைப்பதே நடைமுறைக்கு உகந்தது.

செய்முறை

மதியம் ஒரு மணிக்குப் பருப்பைக் கழுவி ஊறவைக்க வேண்டும். பாசிப்பருப்பும் மசூர்ப்பருப்பும் விரைவில் வேகக்கூடியவை. கடலைப்பருப்பு இதற்கு ஏற்றதன்று. கடினநீரில் பருப்பு எளிதில் வேகாது. கடல்நீர் கலந்த கிணற்று நீரையும் தவிர்க்க வேண்டும். தொட்டியில் முன்னதாகச் சேமித்த நல்ல நீரைச் சமையலுக்கென ஒதுக்குவது நலம்.

மூன்று மணிக்கு முன் அடுப்பு மூட்டி, மூடியிட்டு நீரைக் கொதிக்கவைக்க வேண்டும். கொதித்ததும் பருப்பை இட்டு 15 நிமிடம் கொதிக்கவிட்டு, சிறிதாக நறுக்கிய காய்கறியையும் கழுவிய அரிசியையும் சேர்க்கவேண்டும். குளிர்ந்த பொருள்கள் விழுந்தவுடன் கொதி அடங்கும். அது மறுபடியும் எழும்வரை காத்திருத்தல் இன்றியமையாதது. மீண்டும் கொதி வந்தபின், அடியிலிருந்து மேலாக நன்கு கிளறி, மேலும் 10 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். குழம்பு கெட்டியாகக் கெட்டியாக வெப்பச் சலனம் நின்றுவிடும். அப்பொழுது அடி கருகிக்கொண்டிருக்க நடுப்பகுதி சூடேறாமல் இருக்கும். ஆகவே கிளறுதல் கைப்பழக்கத்திற்காக அன்று. சூட்டை எங்கும் பரப்புவதற்காகவே.

உப்பு, மஞ்சள், எண்ணெய் சேர்த்தவுடன் மூடியை அழுத்தி மூடி, மூடியின்மேல் கனமான கல் ஒன்றை வைத்து, காலம் தாழ்த்தாமல் அண்டாவைப் பெட்டியில் இறக்க வேண்டும். அடியில் முன்னதாகவே ஒரு சாண் உயரத்திற்கு வைக்கோல் பரப்பியிருக்க வேண்டும். பாத்திரத்தின் பாரத்தால் அது பாதியாக அழுந்தும். பக்கங்களில் வைக்கோலை இறுகத் திணித்து, மூடியின்மேல் வைக்கோல் நிரப்பிய சாக்கு ஒன்றை மெத்தைபோல் இட்டு, எல்லாவற்றையும் தார்ப்பாயால் மூட வேண்டும். அண்டாவின் அடியில் கனல் ஒட்டியிருந்தால் வைக்கோல் தீப்பற்றும். இறக்குமுன் அடியை ஈரத்துணியால் துடைக்க மறவாதீர். பின்னர் பரிமாறும் வேளை வரை ஒருவரும் திறந்து பார்த்தல் கூடாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஆவியாகப் போகும் சூடு திரும்பி வராது.

இம்முறையில் நீர் ஆவியாவது மிகக் குறைவு. திறந்த அடுப்பில் சமைப்பவர் வழக்கமாகச் சேர்க்கும் நீரில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளலாம்.

இம்முறைக்கு ஒவ்வாத பொருள்களும் உண்டு. ராஜ்மா எனப்படும் செம்பயற்றில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உள்ளது. நன்கு ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, புதுநீரில் உறுதியாகக் கொதிக்கவைத்தாலே அது அழியும். 80 டிகிரி அளவில் மெதுவாக வேகவைத்தால் நஞ்சு அழியாது. பெரிய துண்டுகளாக உள்ள இறைச்சியின் உள்ளேயும் சூடு போதிய அளவு செல்லாது. இவ்விரண்டையும் வைக்கோற் பெட்டியில் சமைத்தல் ஆகாது.

அறுபது டிகிரி என்னும் எல்லை

கொதித்த உணவில் நுண்ணுயிர்கள் யாவும் அழிந்துவிடுகின்றன என்று எண்ணுவது தவறு. சில பாக்டீரியாக்கள், சிறுவித்துகள் என்னும் உறங்கும் நிலையில், கொதிநீரையும் தாங்கி நிற்கும். பெரிய அண்டாக்களில் மெதுவாகக் குளிரும் உணவில் பெருகும் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜென்ஸ், அரிசிச் சோற்றில் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் ஆகிய இரண்டும் அத்தகையவை. சூடு தணிந்ததும் இவை விழித்தெழுந்து பெருகத் தொடங்குகின்றன. முதலாவது வகை, ஏறத்தாழ 45 டிகிரி வெப்பநிலையில், சுமார் 10 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கும் ஆற்றல் உடையது. மூன்று மணி நேரத்தில் 18 முறை இரட்டித்தால், ஓர் உயிர் 2,62,144 ஆகின்றது. இரண்டாவது வகை உண்டாக்கும் நஞ்சு ஒன்று, உணவை மறுபடி கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை.

60 டிகிரிக்கு மேல் இவை பெருக முடியாது. ஆகவேதான் சூடான உணவை 60 டிகிரிக்கு மேலேயே வைத்திருக்குமாறும், சமைத்த உணவைச் சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைக்காதிருக்குமாறும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. உணவில் செருகிப் பார்க்கும் வெப்பமானி ஒன்று ஒவ்வொரு காப்பகத்திலும் இருத்தல் வேண்டும். பெட்டியைத் திறந்ததும் அதனை அண்டாவின் ஓரத்தில் அன்றி நடுவிலும் செருகிப் பார்க்க வேண்டும். உணவு 60 டிகிரிக்குக் கீழ் இறங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாவிட்டால், அதனை எவருக்கும் கொடுத்தல் ஆகாது. மருத்துவர் வர இயலாத இரவில், 200 பேர் ஒரே கூடத்தில் வாந்தியும் பேதியும் கண்டு கிடப்பதைக் காட்டிலும், ஒரு வேளை அவலோடு கழிப்பது மேலானது.

பரிமாறுதல்

ஒருவருக்குப் பரிமாறப் பத்து விநாடி ஆகுமெனின், 200 பேருக்கு ஒரே வரிசையில் 33 நிமிடம் ஆகும். இரண்டு வரிசையாயின் 17 நிமிடம். ஓர் அண்டாவை முடித்த பின்னரே மற்றதைத் திறக்க வேண்டும். பாதி அண்டாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருத்தல் கூடாது. பரிமாறுவோர் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும். கையில் புண்ணோ சீழோ உள்ளவர் உணவின் அருகே வரலாகாது. அப்புண்ணிலுள்ள ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா உணவில் உண்டாக்கும் நஞ்சும் கொதியைத் தாங்கக்கூடியது. ஒடிசாவில் எளிதில் கிடைக்கும் சால் மரத்துத் தையல் இலைகள், பாத்திரம் கழுவ நீரில்லாத இடத்தில் பேருதவி. குழந்தைகளின் பங்கை மட்டும் இலையில் பரப்பிச் சற்று ஆறவிட்டுக் கொடுக்க வேண்டும். 80 டிகிரியிலுள்ள கிச்சடி வாயையும் கையையும் சுட்டுவிடும்.

எஞ்சிய உணவு

இவ்விடத்தில் பெரிய பாத்திரத்தின் நற்குணமே தீக்குணமாக மாறுகின்றது. சூட்டை நெடுநேரம் காக்கும் அதே அண்டா, குளிர்வதற்கும் நெடுநேரம் எடுத்துக்கொள்கின்றது. வைக்கோலின்றி வெறும் கூடத்தில் வைத்தாலும், 70 கிலோ உணவு 60 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு இறங்க எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகலாம். நுண்ணுயிர்கள் விரும்பும் வெப்பநிலை முழுவதையும் அது ஓர் இரவு முழுவதும் தாண்டிச் செல்கின்றது. எஞ்சியதைக் காலையில் சூடாக்கிக் கொடுக்கலாம் என்னும் எண்ணமே பெருவாரியான உணவு நஞ்சாதலுக்குக் காரணமாகின்றது.

நம் வீடுகளில் பழைய சோறும், ஒடிசாவில் பகாளாவும் உண்டு வாழ்வதில்லையா என வாசகர் கேட்கலாம். அவை சிறிய பாத்திரத்தில், நல்ல நீர் ஊற்றி விரைவில் குளிர்விக்கப்பட்டுப் புளிக்கவைக்கப்படுபவை. புளிப்பு பல நுண்ணுயிர்களைத் தடுக்கின்றது. பருப்பும் காய்கறியும் எண்ணெயும் கலந்த கிச்சடியை, மாசுற்ற நீர் சூழ்ந்த இடத்தில், அவற்றோடு ஒப்பிடலாகாது. எனவே தலைகளை எண்ணிச் சமைத்து, எஞ்சியதை அன்றிரவே அகற்றிவிடுதல் வேண்டும்.

நெருப்பே இல்லாத சூடு

நெருப்பை அறவே ஒழித்து வேதியியல் முறையில் உணவைச் சூடாக்கலாமே எனச் சிலர் கருதுவர். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீருடன் சேரும்பொழுது ஏறத்தாழ 277 கிலோகலோரி வெப்பம் வெளிப்படும். அடைத்த உறையில் ஏற்கெனவே சமைத்துவைத்த அரைக் கிலோ உணவை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குக் கொண்டுவர 17 கிலோகலோரி வேண்டும். வெப்பத்தில் பாதி வீணாவதாகக் கொண்டால், ஒருவருக்கு 120 கிராம் சுண்ணாம்பு; 200 பேருக்கு ஏறத்தாழ 24 கிலோ. பச்சை அரிசியை வேகவைக்கத் தேவைப்பட்ட விறகின் எடை, வெந்த உணவை வெதுவெதுப்பாக்கவே இங்கு வேண்டியிருக்கின்றது. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வை போகும். மக்னீசியத் தூளால் இயங்கும் சூடேற்றிகள் எடை குறைந்தவை; ஆனால் அவற்றிலிருந்து தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். தனித்துச் செல்லும் படைவீரனுக்கும், படகில் செல்லும் மீட்புக் குழுவினர்க்கும் இவை உகந்தவை. இருநூறு பேர் தங்கிய கூடத்திற்கு அண்டாவும் வைக்கோலுமே ஏற்றவை.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, மழைக்கு அஞ்சிக் கரியடுப்பையோ விறகடுப்பையோ மூடிய கூடத்தினுள் கொண்டுவருதல் கூடாது. காற்றோட்டமில்லாத இடத்தில் எரியும் நெருப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளிப்படும். நிறமும் மணமும் அற்ற அவ்வாயு, இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, உறங்குவோரை உறக்கத்திலேயே மாய்த்துவிடும். மாலையிலேயே நெருப்பை முடித்துவிடும் நம் முறையின் பெரும்பயன் இதுவே.

இரண்டாவது, அவசரத்தில் கிடைத்த புட்டியையும் டப்பாவையும் சமையலுக்குப் பயன்படுத்துதல் கூடாது. 2013 ஜூலையில் பீகாரின் சாரன் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், மானோக்ரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவை உண்டு 23 குழந்தைகள் இறந்தனர். எந்தக் கொதியும் இந்நஞ்சை நீக்காது. எனவே உணவுப் பொருள்கள் தனி அறையில், பெயர் எழுதிய கலங்களில் இருக்க வேண்டும். பரிமாறுவதற்கு அரைமணி முன் பொறுப்பாளர் ஒருவர் சிறிது உண்டு பார்த்தல் வேண்டும். மணமோ சுவையோ மாறுபட்டால், ஒரு பிடி கூட வெளியே செல்லலாகாது.

முடிவுரை

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், சமையலறை என்பது நான்கு சுவர்களின் பெயர் அன்று என்பது விளங்கும். உணவை ஒரு முறை முழுதும் கொதிக்கவைக்கும் நெருப்பு, அச்சூட்டைக் காக்கும் உலர்ந்த உறை, 60 டிகிரிக்குக் கீழ் இறங்குமுன் உண்டு முடிக்கும் ஒழுங்கு ஆகிய மூன்றும் கூடினால் அதுவே சமையலறை. இவற்றுள் முதலாவது ஏறத்தாழ ஒன்றரை மணி நேர வேலை. இரண்டாவதற்கு வேண்டியவை எந்தக் கிராமத்திலும் கிடைப்பவை. மூன்றாவதற்குச் செலவே இல்லை.

ஆனால் புயல் எச்சரிக்கை வந்த பின் வைக்கோல் தேடிச் சென்றால் அது நனைந்தே கிடைக்கும். ஆண்டுதோறும் புயற்காலம் தொடங்குமுன், ஒவ்வொரு காப்பகத்திலும் இரண்டு அண்டாக்கள், பொருந்தும் மூடிகள், பத்துச் சாக்கு உலர்ந்த வைக்கோல், இரண்டு தார்ப்பாய்கள், ஒரு வெப்பமானி, 30 கிலோ காய்ந்த விறகு ஆகியவற்றை மேல்தளத்தில் சேர்த்துவைத்தல் வேண்டும். பள்ளி விடுமுறைக்கு முன் ஒரு நாள், ஆசிரியரும் ஊராரும் கூடி, மாலை நான்கு மணிக்கு நெருப்பை அணைத்து, எட்டு மணிக்குப் பெட்டியைத் திறந்து வெப்பமானியைச் செருகிப் பார்ப்பார்களாயின், இக்கட்டுரையின் கணக்குகள் சரியா என்பதை மாணவர்கள் நேரில் அறிவார்கள். ஊரும் ஒரு வேளைச் சூடான உணவு உண்டு மகிழும். புயல் வரும் நாளில் செய்ய வேண்டியது யாதென்று எவரும் கேட்க வேண்டியிராது.